கடல்நீர் மீன்தொட்டியில் உப்பின் அளவைச் சீராக வைத்திருப்பது எப்படி?

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் உப்பின் அளவு பற்றிப் பேசும்போது எந்த உப்பு நல்லது, லிட்டருக்கு எத்தனை கிராம், எந்தக் கடையில் மலிவு என்றே பேசுவார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டியில் நாள்தோறும் கூடிக் குறைவது உப்பு அன்று, நீர்தான். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நன்னீர் மட்டுமே. கரைந்திருந்த உப்பு முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. அடுப்பில் அதிகம் வற்றிய ரசம் கரிப்பதும் இதனால்தான். ஆகவே தொட்டியின் உப்புத்தன்மையைக் காப்பது என்பது பத்தில் ஒன்பது பங்கு, ஆவியான நீரை அன்றன்றைக்கே நன்னீரால் ஈடுசெய்வதுதான். எஞ்சிய ஒரு பங்கு, சரியாக அளக்கத் தெரிந்துகொள்வதும் புதுநீரைச் சரியாகக் கரைப்பதும்.

கணக்கு எளிது. 200 லிட்டர் நீர் கொண்ட ஒரு தொட்டியில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது 35 பிபிடி என்ற அளவில் இருக்கிறது என்று கொள்வோம். அதில் கரைந்திருப்பது ஏறத்தாழ 7 கிலோ உப்பு. சென்னை போன்ற ஊரில், நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியும் ஓடினால், அந்தத் தொட்டி நாளொன்றுக்கு 3 லிட்டர் நீரை இழப்பது வியப்பன்று. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 21 லிட்டர் போய்விடும். எஞ்சிய 179 லிட்டரில் அதே 7 கிலோ உப்பு இருப்பதால் அளவு 39 பிபிடியைத் தாண்டிவிடும். இது செங்கடலின் உப்புக்கு நெருங்கிய அளவு. செங்கடல் மீன்கள் அந்த நீருக்குப் பழகியவை என்பதும், அங்கே அந்த அளவு ஒரு வாரத்தில் ஏறி மறுநாளே இறங்குவதில்லை என்பதும் வேறு விஷயம்.

எந்த அளவில் நிறுத்துவது

திறந்த கடலின் சராசரி, ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு. ஒப்படர்த்தியாக, அதாவது தூய நீரைவிட எத்தனை மடங்கு அடர்ந்தது என்று சொன்னால், 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் 1.026. மீன்கள் மட்டுமே உள்ள தொட்டியை 1.022 முதல் 1.025 வரை எங்கே நிறுத்தினாலும் மீன்கள் நலமாகவே இருக்கும். கடற்சாமந்தி, இறால், நட்சத்திர மீன் போன்ற முதுகெலும்பற்ற உயிர்கள் இருந்தால் 1.025-க்கும் 1.026-க்கும் இடையே நிறுத்துவதே சரி. பவளங்களுக்கும் இதே அளவுதான்; ஆனால் இந்தியாவில் கடினப் பவளங்களும் கடல்விசிறிகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்டவை என்பதால், அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதோ விற்பதோ குற்றம்.

மீனுக்கும் முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் ஏன் இந்த வேறுபாடு என்பது தெரிந்திருந்தால், எதற்கு அவசரப்பட வேண்டும், எதற்குப் பொறுத்திருக்கலாம் என்பதும் விளங்கும். எலும்புள்ள கடல்மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எனவே அதன் உடலிலிருந்து நீர் செவுள் வழியாக இடையறாது வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. குடித்த நீரோடு சேர்ந்த மிகை உப்பைச் செவுளில் உள்ள சிறப்பு உயிரணுக்கள் வெளியேற்றுகின்றன. தொட்டியில் உப்பு குறைந்தால் இந்த வேலைச் சுமை சற்றுக் குறைகிறது. கூடினால் சுமையும் கூடுகிறது. மீன்கள் உப்பு இறங்குவதை ஓரளவு தாங்கி, ஏறுவதை அவ்வளவு எளிதில் தாங்காததற்கு இதுவே காரணம். கடற்சாமந்திக்கும் நட்சத்திர மீனுக்கும் இத்தகைய வசதி பெரிதாக இல்லை. அவற்றின் உடல்திரவம் சுற்றியுள்ள கடல்நீரை ஒட்டியே இருப்பதால், வெளியே ஏற்படும் மாற்றம் எந்தப் பக்கமானாலும் நேரே உடலுக்குள் போய்விடுகிறது.

1.023-இல் அசையாமல் நிற்கும் ஒரு தொட்டி, 1.024-க்கும் 1.028-க்கும் இடையே வாராவாரம் ஊசலாடும் தொட்டியைவிட எவ்வளவோ மேல். எண்ணைத் துல்லியமாகப் பிடிப்பதைவிட, பிடித்த எண்ணில் நிலைத்திருப்பதற்கே முதலிடம் தரவேண்டும்.

அளக்கும் கருவிகள்

கடைகளில் மலிவாகக் கிடைப்பது, ஊசி ஆடும் பிளாஸ்டிக் பெட்டி வடிவிலான ஹைட்ரோமீட்டர், அதாவது நீரின் அடர்த்தியை அளக்கும் கருவி. ஊசியில் ஒரு சிறு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டாலே அளவு கூடிக் காட்டும்; ஊசியின் அச்சில் உப்பு படிந்தால் எப்படி வேண்டுமானாலும் காட்டும். கையில் இருப்பது அதுதான் என்றால், ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி, நீரை நிரப்பியபின் மெல்லத் தட்டிக் குமிழிகளை விலக்கி, பிறகு பார்க்கவேண்டும். அப்போதும் அது காட்டுவதைத் தோராயமாகவே கொள்ளவேண்டும்.

மிதக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் இதைவிட நம்பகமானது. ஆனால் அது எந்த வெப்பநிலைக்காக அளவிடப்பட்டது என்பது அதன் தண்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் பயன்படுத்துபவர்களே மிகுதி. 25 டிகிரிக்கென அளவிடப்பட்ட கருவியை 28 டிகிரியில் உள்ள நம் ஊர்த் தொட்டியில் மிதக்கவிட்டால், சூடான நீர் அடர்த்தி குறைந்தது என்பதால், உண்மையைவிட ஏறத்தாழ 0.001 குறைவாகக் காட்டும். அதை நம்பி உப்பைச் சேர்ப்பவர் தேவையில்லாமல் ஒரு பிபிடிக்கு மேல் ஏற்றிவிடுவார். ஒரு குவளைத் தொட்டிநீரை எடுத்து, கருவியில் குறித்துள்ள வெப்பத்துக்குக் குளிரவிட்டு அளந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

வீட்டுப் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைப்பது ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது நீர் ஒளியை வளைக்கும் அளவைக் கொண்டு உப்பை அறியும் கருவி. கருவியின் சாய்ந்த கண்ணாடிப் பரப்பில் இரண்டு மூன்று துளி நீரை விட்டு, மூடியைக் குமிழி சிக்காமல் சாய்த்து மூடி, அரை நிமிடம் பொறுத்திருந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், மேலே நீலமும் கீழே வெள்ளையுமாகப் பிரியும் கோடு அளவுகோலில் எங்கே நிற்கிறது என்பது தெரியும். அந்த அரை நிமிடம் முக்கியமானது. துளியும் கண்ணாடியும் ஒரே வெப்பத்துக்கு வருவதற்கான நேரம் அது. பல கருவிகளில் வெப்பநிலைத் திருத்தம் தானே நடக்கும் என்று எழுதியிருக்கும். ஆனால் அந்தத் திருத்தம் பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைதான் செல்லுபடியாகும். அக்னி நட்சத்திர நாட்களில் பிற்பகல் அறை வெப்பம் 34, 35 டிகிரி என்று இருக்கும்போது அதை நம்புவதற்கில்லை. காலையிலோ குளிரூட்டிய அறையிலோ அளப்பது நல்லது.

ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்ப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தூய நீரை விட்டுச் சுழியத்தில் நிறுத்துவது போதும் என்று கருவியோடு வரும் தாளில் இருக்கும். சுழியத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இல் ஒன்றரை இரண்டு பிபிடி தவறாகக் காட்டுவது வழக்கமாக நடப்பதுதான், ஏனெனில் பல மலிவுக் கருவிகளின் அளவுகோல் கடல்நீருக்காக அன்றி வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்காக வரையப்பட்டது. நாம் அளக்கப் போவது 35-ஐச் சுற்றித்தான் என்பதால் 35-இலேயே சரிபார்க்கவேண்டும். அதற்கென விற்கப்படும் 35 பிபிடி திரவத்தை வாங்கலாம். கிடைக்காவிட்டால் சமையலறைத் தராசைக் கொண்டு வீட்டிலேயே தயாரிக்கலாம். ஈரமில்லாத தூள் உப்பு 73 கிராமை 1927 கிராம் தூய நீரில் முழுவதும் கரைத்தால், அந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவு 35 பிபிடி கடல்நீர் வளைக்கும் அளவுக்குச் சமமாக இருக்கும். இரண்டு கிலோ கரைசலில் 70 கிராம்தானே வரவேண்டும் என்று தோன்றலாம்; கடல்நீரில் சோடியம் குளோரைடு தவிர வேறு உப்புகளும் இருப்பதால் ஒளி வளைவதில் சிறு வேறுபாடு உண்டு, அதற்கான திருத்தமே இந்த 3 கிராம். இக்கரைசலைக் கருவியில் விட்டு, திருகை மெல்லத் திருப்பி, கோட்டை 35-இல் நிறுத்திவிடலாம். கல்லுப்பில் ஈரமும் பிற உப்புகளும் கலந்திருக்கும் என்பதால் இதற்கு ஆகாது. இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டுமே உரியது. ஹைட்ரோமீட்டரைச் சரிபார்க்க இதே எடை பொருந்தாது.

மின்கடத்துதிறனை அளக்கும் பேனாக் கருவி வைத்திருப்பவர்கள் 35 பிபிடிக்கு ஈடாக, 25 டிகிரியில் 53 மில்லிசீமன்ஸ் என்ற எண்ணை நினைவில் கொண்டால் போதும். அதன் முனையைக் காயவிடாமலும், உப்பு படியவிடாமலும் வைத்திருக்கவேண்டும்.

நாள்தோறும் நிரப்பும் நீர்

ஆவியான நீருக்கு ஈடாக ஊற்றவேண்டியது எப்போதும் நன்னீரே; உப்பு கரைத்த நீர் அன்று. அந்த நன்னீரும் ஆர்.ஓ. நீராக இருக்கவேண்டும். நம் வீடுகளில் உள்ள குடிநீர் ஆர்.ஓ. கருவியில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. குடிக்கச் சுவையாக இருப்பதற்காக, பல கருவிகள் வடிகட்டிய நீரோடு சிறிதளவு மூலநீரைக் கலந்துவிடுகின்றன, அல்லது கடைசியில் ஒரு கனிமக் குழாய் வழியாக நீரை அனுப்புகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ள பகுதிகளில் இவ்வாறு வரும் நீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள கனிமங்களின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைகூட இருக்கலாம். நாளுக்கு 3 லிட்டர் வீதம் ஓராண்டு ஊற்றினால் ஏறத்தாழ 220 கிராம் கனிமம் தொட்டிக்குள் போய்ச் சேரும். உப்பின் அளவை இது பெரிதாக மாற்றாது. ஆனால் நைட்ரேட்டும் சிலிகேட்டும் சேர்ந்துவரும் என்பதால் பாசி கிளம்பும். கருவி பழுதுபார்ப்பவரிடம் சொன்னால், கலப்புத் திருகுக்கு முன்னாலிருந்து ஒரு கிளைக்குழாய் எடுத்துத் தருவார்; மீனுக்கான நீரை அதிலிருந்து பிடிக்கலாம். கேன் தண்ணீரை அளந்து பாராமல் ஊற்றவேண்டாம்.

எவ்வளவு ஊற்றுவது என்பதற்கு அளவுகருவி தேவையில்லை. உப்பின் அளவு சரியாக இருக்கும் ஒரு நாளில், நீர்மட்டம் நிற்கும் இடத்தில் கண்ணாடிக்கு வெளியே ஒரு ஒட்டுநாடாவை ஒட்டிவைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அந்தக் கோடு வரை நிரப்பினால் போதும். கீழே சம்ப் எனும் துணைத்தொட்டி உள்ள தொட்டியில் கோட்டை மேல்தொட்டியில் போடக்கூடாது. அங்கே நீர் வழிந்து இறங்கும் விளிம்பு நீர்மட்டத்தை மாறாமல் வைத்திருக்கும். ஆவியாகும் நீரின் குறைவு முழுவதும் சம்பில், திரும்ப மேலேற்றும் பம்பு இருக்கும் அறையில்தான் தெரியும். அங்கேயும் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ள மட்டத்தையே குறிக்கவேண்டும், ஏனெனில் மின்சாரம் போனவுடன் மேலிருந்து நீர் இறங்கி சம்பின் மட்டம் சில அங்குலம் உயர்ந்துவிடும். மின்வெட்டின்போது கோட்டைப் பார்த்து, நீர் கூடிவிட்டது என்று மொண்டு ஊற்றியவர்கள் உண்டு. மின்சாரம் வந்தபிறகு, குறைந்த நீரைக் கண்டு நன்னீரை நிரப்பி, உப்பு இறங்கிவிட்டதே என்று வியப்பார்கள்.

தானியங்கி நிரப்பி வைத்தால் இந்த நாள்வேலை மிச்சமாகும். அளவும் இன்னும் சீராக நிற்கும். அதன் மிதவையில் நத்தை ஏறி உட்கார்ந்தாலோ பாசி பிடித்தாலோ அது நிற்காமல் நீரை ஊற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், பாதுகாப்பை நன்னீர் வாளியின் கொள்ளளவில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. 200 லிட்டர் தொட்டிக்கு 10 லிட்டர் வாளி வைத்திருந்தால், முழுவதும் கொட்டிவிட்டாலும் 35 பிபிடி 33-க்குச் சற்று மேலேயே நிற்கும். 40 லிட்டர் டிரம் வைத்திருந்தால் அது 29-க்கு இறங்கிவிடும். இறால்கள் தப்புவது கடினம். நிரப்பும் குழாயின் வாய் எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். உள்ளே மூழ்கியிருந்தால், பம்பு நின்றபின் தொட்டிநீர் பின்னோக்கி இழுக்கப்பட்டு நன்னீர் வாளிக்குள் போய்விடும்.

ஆவியாகும் அளவு ஆண்டு முழுவதும் ஒன்றாக இருக்காது. சித்திரை, வைகாசியிலும், காற்றடிக்கும் ஆடியிலும் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் பாதியாகக்கூடக் குறையும். குளிர்சாதனம் ஓடும் அறையில் காற்று வறண்டிருப்பதால் மீண்டும் கூடும். எனவே நாளுக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளாமல் கோட்டைப் பார்த்தே ஊற்றவேண்டும்.

புதுநீர் கரைப்பதும் கல்லுப்பின் ஆசையும்

தூத்துக்குடி உப்பளங்களில் மலைமலையாகக் குவிந்திருப்பதும் கடல் உப்புதானே, அதையே கரைத்தால் என்ன என்ற கேள்வி தமிழ்நாட்டில் மீன் வளர்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒருமுறையேனும் எழும். கூடாது. பாத்தியில் கடல்நீர் காயும்போது முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. அதன்பிறகு தெளிந்த நீரை வேறு பாத்திக்கு மாற்றித்தான் உப்பை விளையவிடுகிறார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியேற்றப்படுகின்றன. உப்பளத் தொழிலின் திறமையே, கடல்நீரில் உள்ள மற்றவற்றை விலக்கி சோடியம் குளோரைடை மட்டும் பிரித்தெடுப்பதுதான். தொட்டிக்கோ விலக்கப்பட்டவையும் வேண்டும். ஒரு கிலோ கடல்நீரில் மக்னீசியம் சுமார் 1.28 கிராம், கால்சியம் 0.41 கிராம், பொட்டாசியம் 0.40 கிராம் இருக்கின்றன. கல்லுப்பைக் கரைத்து ஒப்படர்த்தியை 1.026-க்குக் கொண்டுவந்துவிடலாம், ஆனால் இந்த விகிதத்தைக் கொண்டுவர முடியாது. ரிஃப்ராக்டோமீட்டரும் இந்தக் குறையைக் காட்டாது.

எனவே மீன்தொட்டிக்கென விற்கும் செயற்கைக் கடல் உப்பையே வாங்கவேண்டும். 20 லிட்டர் ஆர்.ஓ. நீருக்குச் சுமார் 750 கிராம் பிடிக்கும். முதலில் 700 கிராமைப் போட்டு, பவர்ஹெட் எனும் சிறு மூழ்குபம்பு ஒன்றை வைத்துக் கலக்கவிட்டு, அளந்து பார்த்துவிட்டு மீதியைச் சேர்க்கலாம். நீரில்தான் உப்பைச் சிறிது சிறிதாகப் போடவேண்டுமே தவிர, உப்பின்மேல் நீரை ஊற்றக்கூடாது. அடர்ந்த குழம்பாக நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் கால்சியம் கார்பனேட் வெண்மையாகப் படிந்துவிடும், பிறகு கரையாது. கடலோர ஊர்களில் திறந்த பை காற்றின் ஈரத்தை இழுத்து எடை கூடிவிடும் என்பதால், பழைய பையின் உப்பை எடையால் மட்டும் நம்பாமல் அளந்தே முடிவு செய்யவேண்டும். ஒருநாள் முழுவதும் சுழலவிட்டு, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்தபின் பயன்படுத்துவது நல்லது.

கடற்கரையிலிருந்து நீர் எடுத்துவருபவர்களும் உண்டு. அதில் விகிதம் பற்றிய கவலை இல்லை. அளவு பற்றிய கவலை உண்டு. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கரையோர நீர் வெகுவாக நீர்த்திருக்கும், கூவம், அடையாறு போன்றவற்றின் முகத்துவாரங்களை ஒட்டிய இடங்களில் கழிவும் கலந்திருக்கும். முகத்துவாரங்களை விட்டு வெகுதூரம் தள்ளி, கோடையில், அல்லது மழை விட்டு நெடுநாள் ஆனபின் எடுத்து, ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கவேண்டும்.

அளவு தவறிவிட்டால்

முதல் வேலை, நீர்மட்டத்தைக் கோடு வரை நன்னீரால் நிரப்பி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளப்பது. கூடிவிட்டதாகத் தோன்றும் பல தொட்டிகள் இதிலேயே சரியாகிவிடும். அதன் பிறகும் 38 காட்டினால், தொட்டிநீரில் கொஞ்சத்தை வெளியே எடுத்துவிட்டு அதே அளவு நன்னீர் விடவேண்டும். எடுக்கவேண்டிய அளவைக் காண, கூடியிருக்கும் பிபிடியை இப்போதுள்ள பிபிடியால் வகுத்து, தொட்டியின் கொள்ளளவால் பெருக்கவேண்டும்: 3-ஐ 38-ஆல் வகுத்து 200-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 16 லிட்டர். அதை மூன்று நாட்களுக்குப் பிரித்துச் செய்யலாம். பாறையும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்துவிட்டே தொட்டியின் கொள்ளளவைக் கொள்ளவேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் 200 லிட்டர் உள்ளே இருப்பதில்லை.

குறைந்துவிட்டால், மீன் இருக்கும் தொட்டியில் உப்பைத் தூவுவது ஒருபோதும் கூடாது. கரையாத துகள் படும் உயிரெல்லாம் வெந்துபோகும். ஆவியான நீருக்கு ஈடாக, நன்னீருக்குப் பதில் 35 பிபிடி உப்புநீரை ஊற்றுவதே பாதுகாப்பான வழி. நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகும் 200 லிட்டர் தொட்டியில் இதனால் நாளொன்றுக்கு அரை பிபிடி ஏறும். 31-இல் இருந்த தொட்டி எட்டு நாளில் 35-க்கு வந்துவிடும். அவசரமிருந்தால் இன்னும் சற்று அடர்ந்த நீரைச் சேர்க்கலாம், ஆனால் நாளுக்கு ஒரு பிபிடியைத் தாண்டவேண்டாம்.

ஏன் குறைந்தது என்பதையும் கண்டறியவேண்டும். கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவி அதை நீர்க்க நீர்க்க வெளியேற்றினால், நாளுக்கு ஒரு லிட்டர் உப்புநீர் போய், தானியங்கி நிரப்பி அந்த இடத்தில் நன்னீரை விட்டுவிடும். ஒரு வாரத்தில் ஒரு பிபிடிக்கு மேல் இறங்கியிருக்கும். மூடியின் ஓரங்களிலும் குழாய் இணைப்புகளிலும் பூத்திருக்கும் வெள்ளை உப்பும் தொட்டியிலிருந்து போனதுதான். வாரந்தோறும் மாற்றும் 20 லிட்டர் புதுநீர் 32-இல் இருந்தால் ஒருமுறைக்கு 0.3 மட்டுமே இறங்கும், யாருக்கும் தெரியாது. சில மாதங்களில் தொட்டியே 32-ஐ நோக்கி வந்துவிடும்.

புதிய மீன் வாங்கும்போது பையில் உள்ள நீரையும் அளந்து பார்க்கவேண்டும். உப்பை மிச்சப்படுத்தவும் ஒட்டுண்ணிகளை அடக்கவும் சில கடைகள் 1.018, 1.020 என்ற அளவிலேயே நீரை வைத்திருக்கும். வேறுபாடு சிறிதென்றால் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டிநீரை விட்டுப் பழக்கலாம். பெரிதென்றால் தனித்தொட்டியில் கடைநீரின் அளவிலேயே விட்டு, சில நாட்களில் மெல்ல ஏற்றவேண்டும். வெண்புள்ளி நோய்க்காக 1.009 வரை இறக்கும் சிகிச்சையும் அத்தகைய தனித்தொட்டிக்கு மட்டுமே உரியது. இறாலோ கடற்சாமந்தியோ இருக்கும் தொட்டியில் அதைச் செய்யக்கூடாது.

ஊருக்குப் போகும்போது தொட்டியைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்தால், நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் நன்னீரைப் பாட்டில்களில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் கிழமையை எழுதி வைத்துவிட்டு, மாற்றுநீருக்காகக் கரைத்து வைத்த உப்புநீர்க் கேனை அவர்கள் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டுப் போகவேண்டும். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.